நண்டுக் கழிவோடு திண்டுக்கல்லில் ஒன்பது நாள்

கடலில் கொட்டச் சொன்னார்கள். கொட்டமாட்டோம் என்றோம். நான் திண்டுக்கல்லுக்குப் போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

எங்கள் கொட்டில் யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல் கரையில் இருக்கிறது. இடுப்பளவுகூட ஆழமில்லாத கடல். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. என்னோடு சேர்த்துப் பதினொரு பெண்கள். சதையை ஏற்றுமதிக் கம்பனி கொண்டுபோய்விடும். ஓடும் குடலும் எங்களோடு தங்கிவிடும். அதைக் காயவைத்துக் கோழித்தீவனக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். போன பருவத்தில் அவர் அதைப் பரிசோதிக்கக் கொடுத்தார். காட்மியம் அளவுக்கு மேலே இருந்தது. நண்டின் வயிற்றில் சேர்கிற நஞ்சு உலோகம் அது. கோழிக்குப் போய், முட்டைக்குப் போய், கடைசியில் நம் பிள்ளைகளின் தட்டுக்கே வந்து சேரும். மூட்டைகள் எல்லாம் திரும்பி வந்தன.

கம்பனி முகாமையாளர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "பேசாமக் கடலுக்குள்ள தள்ளுங்கோ" என்றார். அந்தக் கடலில்தான் நாங்கள் நண்டு பிடிக்கிறோம். இதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. விளங்கிய பிறகு அவர் சொன்னது இது: "ஒரு மாசம் தாறன். சுத்தமாக்கிக் காட்டுங்கோ. இல்லையெண்டால் கொட்டிலைப் பூட்டிப்போட்டு வேற கரைக்குப் போறம்."

எனக்கு உயர்தர வகுப்பில் படித்த இரசாயனம் இன்னும் மறக்கவில்லை. பல்கலைக்கழகம் போகக் கிடைக்காத கோபத்தில் அதை மறக்காமல் வைத்திருக்கிறேன் என்றும் சொல்லலாம். மெல்லிய அமிலத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருந்தால் உலோகம் கழிவை விட்டுத் தண்ணீருக்கு வந்துவிடும். தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் உலோகம் அடியில் சேறாகப் படியும். மலைபோன்ற நஞ்சு ஒரு வாளிச் சேறாகச் சுருங்கிவிடும். புரட்டுவதற்குத்தான் ஒரு பெரிய உருளை வேண்டும். தோல் பதனிடும் இடங்களில் அப்படிப்பட்ட மர டிரம்கள் உண்டு, திண்டுக்கல்லில் அவற்றை வாங்கி விற்கிற ஹபீப் பாய் என்று ஒருவர் இருக்கிறார் என்று கொழும்புத் தோல் வியாபாரி ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், புறப்பட்டுவிட்டேன்.

இரண்டு பெட்டி நிறையக் காய்ந்த நண்டுக் கழிவு. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவரே மூடினார். என்னிடம் அனுமதிக் கடிதம் இருந்தது, ஆனால் அதை வாசிக்கும் நேரம்வரை அவர் அங்கே நிற்கவில்லை.

ஹபீப் பாய்க்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. தொழில் கதைக்க வந்தவளிடம் முதல் கேள்வியே "சாப்டீங்களா?" என்பதுதான். சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. காலை பதினொரு மணிக்குப் பிரியாணிக் கடையில் உட்கார்த்தி வைத்துவிட்டார். அரிசி சீரகத்தின் பருமன்தான். எங்கள் ஊரில் நீட்டரிசி இல்லாததைப் பிரியாணி என்று சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரிக்கத் தயாராகத்தான் வாயில் வைத்தேன். இரண்டாவது வாய்க்குப் பிறகு சிரிக்கிற எண்ணம் போய்விட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், எங்கள் நண்டுக் குழம்புக்கு முன்னால் இது நிற்காது என்றேன்.

"நண்டா?" என்றார் பாய். "சளி புடிச்சா ரசம் வைப்போம் மேடம். மத்தபடி அதை யாரு உக்காந்து உடைக்கிறது?"

"நாங்கள் பதினொரு பேர் உடைக்கிறோம்" என்றேன். அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைக்கச் சொன்னார்.

மறுநாள், அவர் டிரம்களை வாங்கி அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்கு நானே பஸ்ஸில் வருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அது அகரம் போகும் பக்கம், ஊர் முடிந்து தென்னந்தோப்புகள் தொடங்குகிற இடம். பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி மொழிபெயர்த்தார்: "சீட்டுக்கு அடியில எலி செத்துக் கிடக்குது, இறங்கினதும் டிரைவர்கிட்ட சொல்லணும்கிறாங்க." கண்டக்டருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நேரே என் பெட்டியைப் பார்த்தார்.

"யம்மா, பெட்டிக்குள்ள என்ன?"

"நண்டு."

"உசுரோடயா?"

"இல்லை, காய்ஞ்சது. டிக்கெட் எடுத்திருக்கிறன்."

"நீங்க எடுத்தீங்க. நண்டு எடுக்கலைல? எறங்குங்க தாயி, எறங்குங்க."

பாதி வழியில் இறக்கிவிட்டார். வெயில் தலையைப் பிளந்தது. எங்கள் ஊரிலும் வெயில் உண்டு, ஆனால் கடல் காற்று நடுவில் வந்து ஆறுதல் சொல்லும். இங்கே காற்றும் வெயிலோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு ஷேர் ஆட்டோக்காரர், பெட்டிகள் கூரையில் ஏறினால் நான் உள்ளே ஏறலாம் என்று ஒத்துக்கொண்டார். அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

தோல் பதனிடும் இடத்தை அங்கே தோல் ஷாப் என்கிறார்கள். மூடப்பட்ட ஒரு தோல் ஷாப்பிலிருந்து வாங்கிய, மாதிரித் தோல் பதனிடுகிற சிறிய சாம்பிள் டிரம் ஒன்றைப் பாய் எனக்காக நிறுத்திவைத்திருந்தார். ஆள் உயரம், கனத்த பலகை, இரும்புப் பட்டை. உள்பக்கம் இலேசாக நீலம் பாரித்திருந்தது. நான் அதைப் பழைய வண்ணம் என்று நினைத்தேன். பாய் இரண்டு நாளாக அதைத் தண்ணீர்விட்டுச் சுழற்றிக் கழுவி வைத்திருந்தார். "மோந்து பாருங்க, ஒரு வாடை இருக்காது" என்றார் பெருமையாக. முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லைத்தான்.

வேலி ஓரத்தில் ஒரு பெண் குடத்தோடு வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கும்பிடு, குசலம் ஒன்றும் இல்லை.

"அந்தத் தண்ணிய எங்க ஊத்தப் போறீங்க?"

பாய்தான் சொன்னார்: "இது செல்லம்மா. பக்கத்துத் தோட்டம். செல்லம்மா, இவங்க இலங்கையிலருந்து வந்திருக்காங்க."

"எங்கிட்டிருந்து வந்தா என்ன பாய்? தண்ணி எங்கிட்டுப் போகும்னு கேக்குறேன்."

எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீரும் நிலத்தில் விழாது, சுண்ணாம்பு போட்டு பிளாஸ்டிக் பீப்பாயில் மூடிவைப்போம் என்று சொன்னேன். "பாக்குறேன்" என்றாள். மிச்ச நாள் முழுக்க உண்மையாகவே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கிணற்றுக்குள் எப்போதோ தோல் ஷாப் தண்ணீர் இறங்கிவிட்டது. முன்பு கத்தரியும் மல்லிகையும் போட்ட நிலத்தில் இப்போது தென்னை மட்டும் நிற்கிறது. கிணறு பக்கத்தில் இருக்க, குடிதண்ணீருக்கு லாரிக்காகக் காத்திருக்கிறாள்.

அன்றைக்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன். வினிகரில் இருக்கிற அதே அமிலத்தை மெல்லியதாகக் கலந்து, ஓடு, குடல் எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளே போட்டேன். நுரை பொங்கி டிரம்மின் வாய் வழியாக வழிந்தது. பாய் கைலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"உங்க நண்டு சோடா குடிக்குது மேடம்!"

ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. அமிலத்தை அதுவே குடித்துவிட்டால் காட்மியத்தை எடுக்க என்ன மிஞ்சும்? உயர்தரப் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் முழுப் புள்ளி வாங்கியவள். வெட்கத்தோடு சல்லடை கேட்டேன். ஓட்டுத் துண்டுகளை மேலே நிறுத்தி, குடல் காய்ந்த தூளை மட்டும் கீழே சலித்தெடுத்தோம். நஞ்சு இருப்பது அதில்தான். வழிந்த நுரையைச் செல்லம்மாவே மண்ணோடு வாரிப் பீப்பாயில் போட்டாள். வாரும்போது என்னைத் திட்டினாள். திட்டு வாங்க வேண்டியவள்தான் நான்.

அடுத்த நாள் தூளில் பாதியைப் போட்டு டிரம்மைச் சுழற்றினோம். பகல் முழுக்கச் சுற்றியது. தூளை வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, ஊருக்குள் ஒரு மாடியில் இருந்த சிறிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்தோம். அங்கே வேலை செய்த தேன்மொழிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பொட்டலத்தை வாங்கி, மூக்கைச் சுளிக்காமல் பெயர் எழுதிய முதல் ஆள் அவர்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் காட்மியம் எல்லைக்குள் இறங்கியிருந்தது. "ரெண்டாவது பக்கமும் பாருங்க மேடம்" என்றார் தேன்மொழி. அதில் குரோமியம், தோலை நீலமாக்கிப் பதனிடுகிற உலோகம். கோழிக்கு மட்டுமல்ல, குப்பைக்கும் ஆகாத அளவு.

"குரோமியம் நான் கேக்கேல்லையே" என்றேன்.

"நீங்க கேக்கல. இந்த ஊர்ல எது வந்தாலும் நாங்க அதைப் பாத்துருவோம்."

பாயிடம் தாளைக் கொடுத்தேன். வாசித்தார். டிரம்முக்குள் தலையை விட்டு அந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது.

"முப்பது வருசம் குரோம் குடிச்ச மரம் தங்கச்சி. ரெண்டு நாள் தண்ணியில போயிருமா? வாடை போச்சுன்னா சுத்தம்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு நெனப்பு. எனக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சும் தோணல பாருங்க." அன்றுதான் நான் மேடத்திலிருந்து தங்கச்சி ஆனேன்.

அமிலம் நண்டின் நஞ்சைக் கழற்றிய கையோடு மரத்தின் நஞ்சையும் கழற்றித் தூளில் ஏற்றிவிட்டது. ஒன்றை எடுத்து ஒன்றை வைத்திருக்கிறோம். நானும்தான் அந்த நீலத்தைப் பார்த்தேன். என்னையும் சேர்த்துத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

மாலையில் முகாமையாளர் அழைத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் குரலில் ஒரு மலர்ச்சி.

"தீவனக்காரர் கேட்டது காட்மியம் மட்டும்தானே? முதல் பக்கத்தை மட்டும் அனுப்புங்கோ. கொட்டில் தப்பும்."

"மற்றப் பக்கம்?"

"எந்தப் பக்கம்?" என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறுநாள் மத்தியானம்வரை அந்த முதல் பக்கத்தை நான் கைப்பையில் தனியாக மடித்து வைத்திருந்தேன். கொட்டிலில் இருக்கிற பத்துப் பேரின் முகமும் ஒவ்வொன்றாக வந்துபோனது. இரண்டு பேருக்குப் புருஷன் இல்லை. ஒருத்திக்கு இருந்தும் பயனில்லை. டிரம்மை மாற்றி அடுத்த தடவை ஒழுங்காகச் செய்தால் போயிற்று, இந்த ஒரு தடவை மட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

நான் உம்மென்று இருப்பதைப் பார்த்து, பாயின் மனைவி நூர்ஜகான் என்னைச் சின்னாளப்பட்டிக்குச் சேலை எடுக்கக் கூட்டிப்போனார். சுங்குடிச் சேலைகளை விரித்து விரித்துக் காட்டினார்கள். அரக்கு நிறத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இந்தச் சாயத் தண்ணீரெல்லாம் எங்கே போகும் என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யக்கா, சேலை எடுக்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" நூர்ஜகான் சிரித்து ஓய்வதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குச் சிறுமலை வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றோம். எங்கள் ஊர்க் கதலியைவிட இது இனிப்பு என்று இங்கே எழுதிவைக்கிறேன், ஊரில் கேட்டால் மறுப்பேன்.

திரும்பும் வழியில் கிட்டங்கியில் இறங்கினேன். செல்லம்மா பீப்பாய்களின் மூடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனோ அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முகாமையாளர் சொன்னதையும், என் கைப்பையில் இருப்பதையும்.

அவள் கோபப்படவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள்.

"எங்க கெணத்துக்கும் ஒரு பேப்பர் குடுத்தாய்ங்க யக்கா. உப்புப் பாத்திருந்தாய்ங்க, கிருமி பாத்திருந்தாய்ங்க. அம்புட்டும் சரியாத்தான் இருந்துச்சு. குரோமை மட்டும் யாரும் கேக்கல. அந்தப் பேப்பரை நம்பி ரெண்டு வருசம் எம்புள்ளைகளுக்கு அந்தத் தண்ணியத்தான் குடுத்தேன்."

அங்கேயே நின்று இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து, முகாமையாளருக்கு அல்ல, நேரே தீவனக்காரருக்கு அனுப்பினேன். கீழே என் பெயரைப் போட்டு, இந்தத் தூளைக் கோழிக்குக் கொடுக்கக்கூடாது என்று எழுதினேன். தீவனக்காரர் சொல்லி, ஐந்து நிமிடத்தில் முகாமையாளர் அழைத்தார்.

"உங்கட கையாலேயே கொட்டிலைப் பூட்டிப்போட்டியள்!"

"பூட்டுறதெண்டால் நீங்கள் வந்து பூட்டுங்கோ. பொய் சொல்லித் திறந்து வச்சிருக்க மாட்டம்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அதற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

ஏழாம் நாள் காலை பாய் வீட்டில் நூர்ஜகான் என் புது அரக்குச் சேலையை உப்புத் தண்ணீரில் அலசப் போட்டார். வாஷிங் மெஷின் மூடியைத் திறந்து வைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் தொட்டி. மரம் இல்லை, எதையும் குடித்துவைத்திருக்காது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று புரட்டிக்கொண்டே இருக்கிறது. அழுக்குத் தண்ணீர் குழாய் வழியாக வேண்டிய இடத்துக்குப் போகிறது. நான் பார்த்த பார்வையிலேயே நூர்ஜகானுக்கு விளங்கிவிட்டது.

"எம் மெஷின்ல நண்டைப் போட்டீங்க, அம்புட்டுத்தான்! நானும் உங்க அண்ணனும் அப்புறம் ஒரே வீட்ல இருக்க முடியாது."

பாய் மத்தியானத்துக்குள் பழைய மெஷின் ஒன்றை டெம்போவில் ஏற்றிவந்தார். தன் தவறுக்கு இது தன் பொறுப்பு என்று சொல்லி, நான் வாய் திறக்கவே விடவில்லை. தொட்டியை முதலில் வெறும் அமிலத்தில் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரையும் பரிசோதனைக்கு எடுத்துவைத்தோம். இந்தத் தடவை யாரும் எதையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யவில்லை. பிறகு மிச்சத் தூளைப் போட்டோம். ஒரு தடவைக்கு நான்கு கிலோதான் கொள்ளும். நடுவில் மின்சாரம் போனது. "செத்த நேரத்துல வந்துரும்" என்றார் பாய். திண்டுக்கல்லில் செத்த நேரம் என்பது இரண்டரை மணித்தியாலம். அதுவரை நானும் செல்லம்மாவும் தென்னை மட்டையால் கிண்டினோம்.

தண்ணீரில் சுண்ணாம்பு போட்டபோது வெள்ளைச் சேறு மெதுவாக அடியில் உட்கார்ந்தது. செல்லம்மா குனிந்து பார்த்து, "இம்புட்டுத்தானா?" என்றாள். அவ்வளவுதான். அதைச் சீமெந்துத் தொட்டி கட்டிப் பூட்டி வைக்க வேண்டும். ஆனால் எதைப் பூட்டுகிறோம், எங்கே பூட்டுகிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் தேன்மொழி கீழே இறங்கி வந்தே தாளைக் கொடுத்தார். காட்மியம் எல்லைக்குள். குரோமியம் இல்லவே இல்லை என்று சொல்லுமளவு. பாய் தேன்மொழிக்கும் சேர்த்துப் பிரியாணி பார்சல் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது, பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று அழுதேன்.

முகாமையாளருக்குப் புது முடிவின் இரண்டு பக்கங்களையும் அனுப்பினேன். அழைத்துச் சிரித்தார். "நாலு கிலோ, நாலு கிலோவா அந்த மலையைக் கழுவப் போறியளோ? ஒரு மெஷினோட? மாசம் முடியச் சாவியை எடுக்க வருவன்."

அன்று பின்னேரம் கொட்டிலுக்கு அழைத்தேன். பத்துப் பேரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முதல் முடிவின் இரண்டு பக்கத்தையும் தீவனக்காரருக்கு நான்தான் அனுப்பினேன், அதனால் கம்பனி கோபமாக இருக்கிறது. கழுவுகிற வழி கிடைத்துவிட்டது, ஆனால் நான்கு நான்கு கிலோவாகத்தான் முடியும். ஒரு மெஷின் காணாது, வாங்க வழியும் இல்லை. மாதம் முடியக் குவியல் அப்படியே கிடந்தால் அவர்கள் பூட்டுவார்கள். கடலில் கொட்டினால் பூட்டமாட்டார்கள். நீங்களே முடிவு சொல்லுங்கள் என்றேன்.

முதலில் வந்தது மேரியின் குரல். எங்களில் மிகக் குறைவாகக் கதைக்கிறவள் அவள்.

"அக்கா, என்ர மகன் வாங்கித் தந்த மெஷின் வீட்டில கிடக்கு. நாளைக்குக் காலமை கொட்டிலுக்குக் கொண்டு வாறன்."

"அப்ப உன்ர வீட்டு உடுப்பெல்லாம்?"

"கை இருக்குத்தானே அக்கா" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தாள்.